மியூசிக் சாஃப்ட்வேரில் 'பிளக்-இன் மிஸ்ஸிங்' என்று வருகிறதா? ரீ-இன்ஸ்டால் செய்யும் முன் இதைப் படிங்க!

மூணு வருஷம் முன்னாடி ஒரு குறும்படத்துக்குப் பின்னணி இசை போட்டுக் கொடுத்திருப்பீர்கள். இப்போது இயக்குநர் போன் செய்து, "அந்த க்ளைமாக்ஸ்ல வயலினை மட்டும் கொஞ்சம் குறைச்சுக் கொடு நண்பா, நாளைக்கு ஃபெஸ்டிவலுக்கு அனுப்பணும்" என்கிறார். அஞ்சு நிமிஷ வேலைதானே என்று புது லேப்டாப்பில் ப்ராஜெக்ட்டைத் திறந்தால், பாட்டுக்குப் பதிலாக ஒரு பட்டியல் வருகிறது. 'இந்த பிளக்-இன்கள் கிடைக்கவில்லை.' பிளே செய்தால் டிரம்ஸ் மட்டும் ஒலிக்கிறது. வயலின் டிராக் இருக்கு, நோட்ஸ் இருக்கு, சத்தம் மட்டும் இல்லை.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது மூன்று விஷயம். எல்லா பிளக்-இன்களையும் மறுபடி இன்ஸ்டால் செய்வது, சாஃப்ட்வேரையே அழித்துவிட்டுப் புதுசாகப் போடுவது, அல்லது காலியாக நிற்கும் பிளக்-இன்னை டெலீட் செய்துவிட்டு வேறு ஒன்றை வைப்பது. முதல் இரண்டும் நேர விரயம். மூன்றாவதுதான் ஆபத்து.

காரணம், 'மிஸ்ஸிங்' என்ற ஒரே வார்த்தைக்குப் பின்னால் குறைந்தது அரை டஜன் கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. பிளக்-இன் உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலேயே சமர்த்தாக உட்கார்ந்திருக்கும், சாஃப்ட்வேருக்குத்தான் அது கண்ணில் படாது. எந்தக் கோளாறு என்று கண்டுபிடித்துவிட்டால் சில நேரம் ஒரே ஒரு டிக் மார்க்கில் பாட்டு திரும்ப வந்துவிடும்.

முதலில்... எதையும் அழிக்காதீங்க

அந்தப் பட்டியல் வந்ததும் 'ஓகே' கொடுத்து மூடிவிடாமல் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். காணாமல்போன பிளக்-இன்னின் பெயர் அதில் இருக்கும். சில சாஃப்ட்வேர்களில் அது எந்த வகை என்பதும் சேர்ந்தே இருக்கும். அந்த விவரம் இன்னும் கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

அடுத்து 'சேவ் ஆஸ்' கொடுத்து ப்ராஜெக்ட்டை வேறு பெயரில் சேமித்துவிட்டு, இனி எல்லா ஆராய்ச்சியையும் அந்தப் பிரதியில் செய்யுங்கள். பழைய ஃபைலைத் தொடவே வேண்டாம்.

காலியாக, சாம்பல் நிறத்தில் நிற்கும் அந்த பிளக்-இன் இடத்தையும் அப்படியே விடுங்கள். ஏபிள்டன் லைவ், ரீப்பர் போன்றவற்றில் அது வெறும் காலி இடம் கிடையாது. பிளக்-இன் வராவிட்டாலும் அதில் நீங்கள் செய்துவைத்த அத்தனை செட்டிங்குகளும் அதற்குள் பத்திரமாக இருக்கும். பிளக்-இன் திரும்பி வந்ததும் அந்த செட்டிங்குகளை எடுத்துக்கொண்டு பழையபடியே ஒலிக்கும். டெலீட் செய்துவிட்டால், பிளக்-இன் திரும்பக் கிடைத்தாலும் உங்கள் சவுண்ட் கிடைக்காது.

பாட்டு ஃபைலுக்குள் பாட்டு இல்லையா?

இசை அமைக்கப் பயன்படும் சாஃப்ட்வேர்களுக்குப் பொதுப் பெயர் டிஜிட்டல் ஆடியோ வொர்க்ஸ்டேஷன். சுருக்கமாக 'டா'. எஃப்.எல் ஸ்டுடியோ, ஏபிள்டன் லைவ், கியூபேஸ், லாஜிக் புரோ, ரீப்பர், புரோ டூல்ஸ் எல்லாம் இந்த ரகம். இதில் ஒட்டவைத்துப் பயன்படுத்தும் துணை சாஃப்ட்வேர்தான் பிளக்-இன். வயலின், பியானோ மாதிரி வாசிப்பவை ஒரு வகை. எதிரொலி சேர்ப்பது, குரலைச் சீராக்குவது போன்ற எஃபெக்ட் வேலை பார்ப்பவை இன்னொரு வகை.

நீங்கள் சேமிக்கும் ப்ராஜெக்ட் ஃபைல் கிட்டத்தட்ட ஒரு கச்சேரி நோட்டீஸ் மாதிரி. வயலின் யார், மிருதங்கம் யார், யார் எந்த இடத்தில் என்ன வாசிக்க வேண்டும் என்று எல்லாம் எழுதியிருக்கும். ஆனால், வித்வான் நோட்டீஸுக்குள் இருக்க மாட்டார். கச்சேரி நடக்கிற அன்று அவர் நேரில் வரணும். ப்ராஜெக்ட் ஃபைலும் அப்படித்தான். பிளக்-இன்னின் அடையாளமும் செட்டிங்குகளும் மட்டும்தான் அதில் இருக்கும். பிளக்-இன் என்ற சாஃப்ட்வேர் உங்கள் கம்ப்யூட்டரில் தனியாக இருக்க வேண்டும்.

அதனால்தான் ப்ராஜெக்ட் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்து நண்பனிடம் கொடுத்தாலும் அவனுக்கு சத்தம் வருவதில்லை. ஏபிள்டன் லைவில் 'கலெக்ட் ஆல் அண்ட் சேவ்' என்று ஒரு வசதி உண்டு. பாட்டில் பயன்படுத்திய சாம்பிள்களை எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள் கொண்டுவந்துவிடும். ஆனால் அதுவும் பிளக்-இன்னைக் கொண்டுவராது. சட்டப்படியும் முடியாது, ஏன்னா லைசென்ஸ் உங்களுடையது, நண்பனுடையது இல்லையே!

ஒரே பெயர்... ஆனால் வேற ஆள்

பலரைக் குழப்புகிற இடம் இதுதான். "அந்த பிளக்-இன் இருக்கே, புதுசா திறந்தா வேலை செய்யுதே, பழைய பாட்டுல மட்டும் ஏன் மிஸ்ஸிங்?"

பிளக்-இன் ஒன்றாக இருந்தாலும் அதை 'டா'-வுடன் இணைக்கும் முறைகள் பல. ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-ல் வி.எஸ்.டி என்ற முறையைக் கொண்டுவந்தது. கியூபேஸைத் தயாரிப்பதும் அவர்கள்தான். அதன் இரண்டாவது தலைமுறை, வி.எஸ்.டி 2, 1999-ல் வந்து உலகம் முழுக்கப் பரவியது. 2008-ல் வி.எஸ்.டி 3 வந்தது. ஆப்பிளுக்குத் தனியாக ஆடியோ யூனிட்ஸ், அதாவது ஏ.யு. புரோ டூல்ஸுக்குத் தனியாக ஏ.ஏ.எக்ஸ். 2022-ல் பிட்விக், யு-ஹீ ஆகிய இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 'கிளாப்' என்று புதிதாக ஒன்றை வெளியிட்டன.

பிளக்-இன் இன்ஸ்டால் செய்யும்போது இந்த வகைகள் வரிசையாக டிக் பாக்ஸுடன் வரும், கவனித்திருப்பீர்கள். நம்மில் பாதிப் பேர் பார்க்காமலேயே 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' கொடுப்போம். கொஞ்சம் விவரமானவர்கள், "எதுக்கு இத்தனை, இடம்தான் வேஸ்ட்" என்று வி.எஸ்.டி 2-ஐ எடுத்துவிடுவார்கள். பிரச்னை அங்கேதான் தொடங்குகிறது.

'டா' ஒரு பிளக்-இன்னைப் பெயரை வைத்து அடையாளம் காண்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஓர் அடையாளக் குறியீடு உண்டு. வி.எஸ்.டி 2-ல் அது நான்கு எழுத்து. வி.எஸ்.டி 3-ல் 128 பிட் நீளமுள்ள ஒரு பெரிய எண். பழைய பாட்டை வி.எஸ்.டி 2-ல் செய்திருந்து, புது கம்ப்யூட்டரில் அதே பிளக்-இன்னின் வி.எஸ்.டி 3 மட்டும் இருந்தால், 'டா'-வின் பார்வையில் இருவரும் வேறு வேறு ஆட்கள். பழைய வி.எஸ்.டி 2-க்குப் பதில் புதிய வி.எஸ்.டி 3-ஐ ஏற்றுக்கொள் என்று சொல்லும் வழி ஒன்றை ஸ்டைன்பெர்க் வைத்திருக்கிறது. ஆனால், பிளக்-இன்னைத் தயாரித்தவர் அதை எழுதிச் சேர்த்திருக்க வேண்டும், உங்கள் 'டா'-வும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டும் அமைந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

எனவே ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது எந்த வகை என்று பார்த்து, அதே இன்ஸ்டாலரை மறுபடி ஓடவிட்டு, அந்த டிக் பாக்ஸைப் போட்டுப் பாருங்கள். ஆனால் இந்த வழி ரொம்ப நாள் ஓடாது. 2018 அக்டோபரிலேயே வி.எஸ்.டி 2-க்கான டெவலப்பர் கிட் வழங்குவதை ஸ்டைன்பெர்க் நிறுத்திவிட்டது. 2022 ஜனவரியில், தன்னுடைய சாஃப்ட்வேர்களிலிருந்தே அதை விலக்கப்போவதாக அறிவித்தது. புதிதாக வரும் பிளக்-இன்கள் பலவற்றில் வி.எஸ்.டி 2 கிடையவே கிடையாது.

இதே கதை வெர்ஷன் எண்ணிலும் நடக்கும். கான்டாக்ட் நல்ல உதாரணம். கான்டாக்ட் 5, 7, 8 எல்லாம் தனித்தனி பிளக்-இன்கள். 5-ல் செய்த பாட்டை, 8 மட்டும் இருக்கும் கம்ப்யூட்டரில் திறந்தால் 'மிஸ்ஸிங்' என்றுதான் வரும். பழைய கம்ப்யூட்டர் இன்னும் உயிரோடு இருந்தால் அதில் ப்ராஜெக்ட்டைத் திறந்து, கான்டாக்ட்டுக்குள் இருக்கும் செட்டப்பை 'மல்டி' ஃபைலாகச் சேமித்து, புதிய வெர்ஷனில் அதைத் திறக்கலாம். ஒவ்வொரு டிராக்குக்கும் செய்யணும். பொறுமை வேண்டும்தான், ஆனாலும் நடக்கும்.

எல்லாமே காணோமா, ஒண்ணு மட்டும் காணோமா?

டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி மாதிரி இது. பதிலை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம்.

எல்லா பிளக்-இன்களும் ஒரே நாளில் காணாமல்போனால், பிளக்-இன்களைச் சந்தேகப்படாதீர்கள். 'டா' தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறது. லைவில் செட்டிங்ஸுக்குள் பிளக்-இன்ஸ் பகுதிக்குப் போனால், வி.எஸ்.டி 3-க்கு ஒரு ஸ்விட்ச், வி.எஸ்.டி 2-க்கு ஒரு ஸ்விட்ச் இருக்கும். மேக் என்றால் ஏ.யு-வுக்கும் ஒன்று. அது ஆஃபில் இருந்தால் பிளக்-இன் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஸ்விட்ச் ஆனில் இருந்தால் அடுத்தது ஃபோல்டர். வி.எஸ்.டி 3 இந்த விஷயத்தில் ஒழுங்கான பிள்ளை. விண்டோஸில் சி டிரைவுக்குள் புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் வி.எஸ்.டி 3 என்ற ஒரே இடம்தான். எந்த நிறுவனமாக இருந்தாலும் அங்கேதான் வைக்கும். வி.எஸ்.டி 2-க்கு அப்படி ஒரு வீட்டு விலாசம் கிடையாது. ஒரு இன்ஸ்டாலர் 'விஎஸ்டி பிளக்-இன்ஸ்' என்ற ஃபோல்டரில் வைக்கும், இன்னொன்று ஸ்டைன்பெர்க் பெயரில் உள்ள ஃபோல்டரில், மூன்றாவது தன் சொந்த ஃபோல்டரில் வைக்கும். கம்ப்யூட்டர் முழுக்க மூணு நாலு இடத்தில் சிதறிக் கிடக்கும். 'டா'-வோ நீங்கள் காட்டிய ஃபோல்டரில் மட்டும்தான் தேடும். ஒரே ஒரு ஃபோல்டரை முடிவு செய்து, எல்லா வி.எஸ்.டி 2-ஐயும் அங்கேயே இன்ஸ்டால் செய்து, அந்த விலாசத்தை 'டா'-வுக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

மேக்கில் லைப்ரரி, ஆடியோ, பிளக்-இன்ஸ் என்று போனால் ஏ.யு-வுக்கு 'காம்போனென்ட்ஸ்' என்றும், வி.எஸ்.டி 3-க்கு அதன் பெயரிலேயும் ஃபோல்டர் இருக்கும். ஆனால் மேக்கில் இரண்டு லைப்ரரி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஒன்று கம்ப்யூட்டர் முழுமைக்கும் பொது. இன்னொன்று உங்கள் யூசர் கணக்குக்குள் மறைந்திருக்கும். ஃபைண்டரில் ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டே 'கோ' மெனுவைத் திறந்தால்தான் இது கண்ணில் படும். வேறொரு யூசர் கணக்கில் உள்ளே வந்திருந்தால், அந்த இரண்டாவது லைப்ரரியில் இருந்த பிளக்-இன்கள் இங்கே தெரியாது.

குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் பிளக்-இன்கள் மட்டும் மொத்தமாகக் காணவில்லை என்றால் அது இன்னொரு தடயம். வேவ்ஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோல்டருக்குள் போய் பிளக்-இன் பெயரைத் தேடினால் கிடைக்காது. 'வேவ்ஷெல்' என்ற பெயரில் ஒரு ஃபைல் மட்டும் இருக்கும், அதுதான் வாசல். எல்லா பிளக்-இன்களும் அதன் வழியாகத்தான் உள்ளே வரும். அந்த ஒரு ஃபைல் ஸ்கேனில் மாட்டிக்கொண்டால் மொத்தக் குடும்பமும் வெளியே நிற்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிளக்-இன் திறக்கிறது, ஆனால் உள்ளே 'சாம்பிள்ஸ் மிஸ்ஸிங்' என்று வருகிறது என்றால் அது வேறு பிரச்னை. வித்வான் வந்துவிட்டார், வயலினை வீட்டில் வைத்துவிட்டார்! சாம்பிள் லைப்ரரி இருந்த எக்ஸ்டெர்னல் டிரைவ் மாட்டியிருக்கிறதா, விண்டோஸில் அதன் டிரைவ் எழுத்து 'இ'-யிலிருந்து 'எஃப்' ஆக மாறிவிட்டதா என்று பாருங்கள்.

ஃபைல் இருக்கு, ஃபோல்டர் சரி... அப்புறம் ஏன்?

'டா' முதல் முறை ஒரு பிளக்-இன்னைப் பார்க்கும்போது அதை ஓடவிட்டுச் சோதிக்கும். இதுதான் ஸ்கேன். அந்த நேரத்தில் பிளக்-இன் கிராஷ் ஆனாலோ, பதில் சொல்லாமல் நின்றுவிட்டாலோ, 'இது வேண்டாம்' என்று தடுப்புப் பட்டியலில் சேர்த்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே திரும்பாது. காரணம் ரொம்பச் சின்னதாக இருக்கலாம். ஸ்கேன் நடக்கும்போது லைசென்ஸ் கேட்டு ஒரு விண்டோ பின்னால் திறந்திருக்கும், நீங்கள் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள். அல்லது விண்டோஸில் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைம் இன்ஸ்டால் ஆகியிருக்காது. புதுசாக ஃபார்மேட் செய்த கம்ப்யூட்டர்களில் இது சகஜம்.

காரணத்தைச் சரிசெய்த பிறகும் பிளக்-இன் தானாக வராது. பழைய தீர்ப்பு பட்டியலில் அப்படியே இருக்கும். அதை அழித்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்ல வேண்டும். ரீப்பரில் பிரிஃபரன்ஸஸுக்குள் வி.எஸ்.டி பகுதியில் 'கிளியர் கேச் அண்ட் ரீ-ஸ்கேன்' இருக்கிறது. லைவில் ஆல்ட் கீயை, மேக் என்றால் ஆப்ஷன் கீயை, அழுத்திக்கொண்டு 'ரீஸ்கேன்' பட்டனைத் தட்டினால் முதலிலிருந்து முழுசாகத் தேடும். கீயை அழுத்தாமல் தட்டினால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வந்துவிடும், பலர் ஏமாறுவது இதில்தான். கியூபேஸில் ஸ்டுடியோ மெனுவில் உள்ள பிளக்-இன் மேனேஜருக்குள் தடுப்புப் பட்டியல் தனியாகவே இருக்கும். லாஜிக்கில் பிளக்-இன் மேனேஜரைத் திறந்து, அந்த பிளக்-இன்னைத் தேர்வு செய்து 'ரீசெட் அண்ட் ரீஸ்கேன்' கொடுக்க வேண்டும். எஃப்.எல் ஸ்டுடியோவில் ஆப்ஷன்ஸ், மேனேஜ் பிளக்-இன்ஸ், அங்கே 'ஃபைண்ட் இன்ஸ்டால்டு பிளக்-இன்ஸ்'. ஏற்கெனவே சோதித்தவற்றையும் மறுபடி சோதிக்கும் ஆப்ஷன் பக்கத்திலேயே இருக்கும், அதையும் ஆன் செய்துவிடுங்கள்.

மேக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. யார் தயாரித்தது என்று ஆப்பிளால் உறுதி செய்ய முடியாத பிளக்-இன்களை மேக் ஓ.எஸ் தடுத்துவிடும். சின்ன டெவலப்பர்களின் இலவச பிளக்-இன்கள் நிறைய இதில் சிக்கும். முன்பு ரைட் கிளிக் செய்து திறந்து சமாளிக்க முடிந்தது. 2024-ல் வந்த செக்கோயாவில் அந்தக் குறுக்கு வழியை அடைத்துவிட்டார்கள். இப்போது சிஸ்டம் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் 'ஓப்பன் எனிவே' கொடுக்க வேண்டும். டெவலப்பரின் சொந்தத் தளத்திலிருந்து எடுத்தது என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

32, 64, அப்புறம் ஆப்பிள் சிப்

சில நேரம் இன்ஸ்டால், ஃபோல்டர், ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கும். ஆனாலும் வராது. காரணம் தலைமுறை இடைவெளி.

ஒரு காலத்தில் எல்லா பிளக்-இன்களும் 32-பிட். பிறகு 'டா'-க்கள் 64-பிட்டுக்கு மாறின. லாஜிக் 2013-லும், கியூபேஸ் 2016-ல் ஒன்பதாவது வெர்ஷனிலும், லைவ் 2018-ல் பத்தாவது வெர்ஷனிலும் 32-பிட்டைக் கைவிட்டன. 2019-ல் வந்த மேக் ஓ.எஸ் கேட்டலினா மொத்தமாகவே 32-பிட் சாஃப்ட்வேர்களுக்குக் கதவைச் சாத்தியது. விண்டோஸில் இன்னும் வழி இருக்கிறது. ரீப்பரும் எஃப்.எல் ஸ்டுடியோவும் 32-பிட் பிளக்-இன்னைத் தாங்களே ஒரு பாலம் போட்டு ஓட்டும். மற்றவற்றுக்கு 'ஜேபிரிட்ஜ்' மாதிரி தனி சாஃப்ட்வேர் வாங்கணும். இந்தப் பாலங்கள் திடீர் திடீரென்று கிராஷ் ஆகும் என்பதால், பழைய பாட்டைத் திறந்து ஆடியோவாக மாற்றி எடுத்துக்கொள்ள மட்டும் பயன்படுத்துங்கள். புதுப் பாட்டை அதன் மேல் கட்டாதீங்க.

அடுத்த தலைமுறை மாற்றம் 2020 நவம்பரில் வந்தது. ஆப்பிள் இன்டெல் சிப்பை விட்டுவிட்டுத் தன் சொந்த எம்1 சிப்பைக் கொண்டுவந்தது. இன்டெல்லுக்காக மட்டும் எழுதப்பட்ட பழைய பிளக்-இன்கள், ஆப்பிள் சிப்பில் நேரடியாக ஓடும் பல 'டா'-க்களுக்குத் தெரியாது. லாஜிக் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக, இன்டெல் ஏ.யு-க்களைப் பின்னணியில் மொழிபெயர்த்து ஓட்டிவிடும். மற்ற பலவற்றில் 'டா'-வையே அந்த மொழிபெயர்ப்பு முறையில் திறக்க வேண்டும். ஃபைண்டரில் அதன் ஐகான் மேல் ரைட் கிளிக் செய்து, 'கெட் இன்ஃபோ' போய், 'ஓப்பன் யூசிங் ரொசெட்டா' என்பதில் டிக் செய்து திறந்தால், காணாமல்போன பிளக்-இன்கள் வரிசையாக வந்து நிற்பதைப் பார்க்கலாம்.

ஆனால் இதற்கும் கெடு குறித்தாகிவிட்டது. ரொசெட்டா பொதுப் பயன்பாட்டுக்கு மேக் ஓ.எஸ் 27 வரைதான் இருக்கும், அதற்குப் பிறகு சில பழைய கேம்களுக்காக ஒரு பகுதியை மட்டும் விட்டுவைப்போம் என்று ஆப்பிள் 2025 ஜூனில் நடந்த டெவலப்பர் மாநாட்டிலேயே சொல்லிவிட்டது. ரொசெட்டாவை நம்பி ஓடிக்கொண்டிருக்கும் பாட்டுகள் உங்களிடம் இருந்தால், ஓ.எஸ் அப்டேட் வந்திருக்கிறது என்று நோட்டிஃபிகேஷன் வரும்போது ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசியுங்கள். பொதுவாகவே, கையில் முடிக்காத பாட்டு இருக்கும்போது ஓ.எஸ் அப்டேட் செய்வது தேவையில்லாத வீரம்!

லைசென்ஸும் 'கிராக்'கும்

சில நிறுவனங்கள் லைசென்ஸை 'ஐலாக்' போன்ற யு.எஸ்.பி சாவியிலோ, ஆன்லைன் கணக்கிலோ வைத்திருக்கும். சாவி மாட்டவில்லை, நெட் இல்லை, சந்தா முடிந்துவிட்டது, எதுவாக இருந்தாலும் ஸ்கேனில் பிளக்-இன் தோற்றுப்போகும். உங்களுக்குத் தெரிவதோ அதே 'மிஸ்ஸிங்'தான். லேப்டாப் மாற்றுவதற்கு முன் பழைய கம்ப்யூட்டரில் லைசென்ஸை டீ-ஆக்டிவேட் செய்துவிடுவது முக்கியம். எத்தனை கம்ப்யூட்டர் என்று பலரும் எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள்.

சந்தா முறை வந்த பிறகு இந்தக் கவலை கூடியிருக்கிறது. 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் இனி விற்பனை கிடையாது, சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொந்தளித்ததில் சில நாட்களிலேயே பின்வாங்கி, பழைய விற்பனை முறையை மீண்டும் கொண்டுவந்தது. மாதா மாதம் பணம் கட்டினால்தான் உங்கள் பழைய பாட்டு திறக்கும் என்ற நிலைமை யாருக்குத்தான் பிடிக்கும்?

சரி, யாரும் வெளியே பேசாத விஷயத்துக்கு வருவோம். விலை கட்டுப்படியாகாமல் 'கிராக்' பிளக்-இன் போட்டிருப்பவர்களுக்குத்தான் 'மிஸ்ஸிங்' அதிகம் வரும். ஆன்டிவைரஸ் அந்த ஃபைலைச் சத்தமில்லாமல் தூக்கிவிடும். பலர் உடனே ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வார்கள். 2019 ஜூனில் ஈசெட் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட தகவலைப் பார்த்தால் அந்தக் கை கொஞ்சம் தயங்கும். கிராக் செய்யப்பட்ட வி.எஸ்.டி சாஃப்ட்வேர்களை வழங்கிய ஒரு தளத்தில், 137 சாஃப்ட்வேர்களுடன் 'லவுட்மைனர்' என்ற நிரல் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. உங்கள் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு மெய்நிகர் கம்ப்யூட்டரை ரகசியமாக ஓட்டி, அதில் யாரோ ஒருவருக்காக மொனேரோ கிரிப்டோகரன்சி தோண்டும் வேலையை அது பார்த்தது. இசை சாஃப்ட்வேரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு ஈசெட் சொன்ன விளக்கம்தான் சுவாரஸ்யம். இசை அமைப்பவர்களிடம் நல்ல வேகமான கம்ப்யூட்டர் இருக்கும், சி.பி.யூ சூடானாலும் சந்தேகப்பட மாட்டார்கள், ஃபைல் பெரிதாக இருந்தாலும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

லேப்டாப் ஃபேன் எப்போதும் கத்திக்கொண்டே இருந்தால், மிக்ஸ் மேல் மட்டும் பழி போடாதீங்க.

நிஜமாகவே இல்லாமல்போன பிளக்-இன்கள்

எல்லாம் பார்த்தாயிற்று, தயாரித்த நிறுவனமே இல்லை என்றால்? கேமல் ஆடியோ என்ற பிரிட்டிஷ் நிறுவனம் ஆல்கெமி என்ற சிந்தசைசரையும், கேமல் கிரஷர் என்ற இலவச எஃபெக்டையும் தயாரித்தது. இரண்டுக்கும் உலகம் முழுக்க ரசிகர்கள். 2015-ல் அந்த நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியது. ஆல்கெமி அதே ஆண்டு லாஜிக்கின் உள்ளே ஒரு பகுதியாகிவிட்டது. ஆப்பிளின் சாஃப்ட்வேர்களில் மட்டும்தான். கியூபேஸிலோ எஃப்.எல் ஸ்டுடியோவிலோ ஆல்கெமி வைத்துப் பாட்டு செய்தவர்களுக்குப் புது இன்ஸ்டாலர் என்று ஒன்று வரவே இல்லை.

இந்த நிலைமையில் உங்களிடம் மிச்சம் இருப்பது நோட்ஸ் மட்டும். அதுவும் பெரிய சொத்துதான். டிராக்கில் இருக்கும் மிடியை எக்ஸ்போர்ட் செய்யலாம், அல்லது அந்த டிராக்கை டூப்ளிகேட் செய்து, பிரதியில் வேறொரு சிந்தசைசரை வைக்கலாம். முன்பு வெளியிட்ட மிக்ஸ் எம்.பி.3 ஆகவாவது இருந்தால் அதைப் பக்கத்தில் ஒரு டிராக்கில் போட்டு, ஒலியை ஒப்பிட்டுக்கொண்டே சவுண்டை நெருங்கலாம். நூற்றுக்கு நூறு வராது. ரிவெர்ப், கம்ப்ரஸர் போன்ற எஃபெக்ட்டுகளில் பெரிதாக யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்பது என் கணிப்பு. லீட் சிந்த் மாதிரி பாட்டின் முகமாக இருக்கும் சவுண்ட் போனால்தான் நிஜமான இழப்பு.

அந்தப் பாட்டு முக்கியம் என்றால் பழைய கம்ப்யூட்டரைத் தேடுங்கள். மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப்பைக் கழிவுக்குப் போடும் முன், நெட் இணைப்பைத் துண்டித்து, எந்த அப்டேட்டும் செய்யாமல் ஒருமுறை திறந்துபாருங்கள். திறந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் ஆடியோவாக எடுத்துவிடுங்கள்.

ஆடியோவாக எடுப்பது எப்படி?

லைவ் போன்றவற்றில் 'ஃப்ரீஸ்' என்று ஒரு வசதி உண்டு. டிராக்கின் ஒலியைத் தற்காலிகமாக ஆடியோவாக மாற்றி வைத்துக்கொள்ளும். ஃப்ரீஸ் செய்து அனுப்பினால், பிளக்-இன் இல்லாத கம்ப்யூட்டரிலும் அந்த டிராக் ஒலிக்கும். நண்பருடன் சேர்ந்து வேலை செய்யும்போது ரொம்ப உதவும். ஆனால் அந்த 'டா'-வுக்குள் மட்டும்தான் இது செல்லும். வருடக்கணக்கில் பாதுகாக்க நினைத்தால் 'ஸ்டெம்' எடுப்பதுதான் வழி, அதாவது ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாக.

எல்லா ஃபைலும் பாட்டின் முதல் பாரிலிருந்தே தொடங்க வேண்டும், வயலின் ரெண்டாவது நிமிஷத்தில்தான் வருகிறது என்றாலும். அப்போதுதான் எந்த 'டா'-வில் போட்டாலும் தாளம் பிசகாமல் ஒன்றன் மேல் ஒன்று உட்காரும். 24-பிட் வைத்துக்கொள்ளுங்கள். குரலையும் முக்கியமான வாத்தியங்களையும் எஃபெக்டோடு ஒருமுறை, எஃபெக்ட் இல்லாமல் ஒருமுறை எடுங்கள். ரிவெர்ப் ஏற்கெனவே கலந்துபோன குரலைப் பிறகு பிரிப்பது கஷ்டம். கூடவே மிடி ஃபைல், பாட்டின் டெம்போ, பயன்படுத்திய பிளக்-இன்களின் பெயரும் வெர்ஷன் எண்ணும் வகையும் எழுதிய ஒரு டெக்ஸ்ட் ஃபைல். இன்ஸ்டாலர்களையும் ஒரு காப்பி போட்டு வைப்பது இன்னும் நல்லது, நிறுவனத்தின் தளத்தில் பழைய வெர்ஷன் எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

இடம் நிறைய பிடிக்குமே என்ற கவலை வேண்டாம். நான்கு நிமிடப் பாட்டில், 48 கிலோஹெர்ட்ஸ், 24-பிட் ஸ்டீரியோ டிராக் ஒன்று சுமார் 69 எம்.பி. முப்பது டிராக் இருந்தாலும் 2 ஜி.பி.யைச் சற்று தாண்டும், அவ்ளோதான். பாட்டின் மாஸ்டரை அனுப்பிய அன்றைக்கே, லைசென்ஸ் எல்லாம் உயிரோடு இருக்கும்போதே எடுத்துவிட்டால் அரை மணி நேர வேலை.